எம்மூர் எண்ணெய்ப் பரோட்டா

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியைப் புரட்டும் அன்பர்கள், அங்கே கம்பன் கண்ட கானகத்தையோ, இளங்கோவடிகள் காட்டிய ஊழ்வினையையோ, வள்ளுவர் வகுத்த அரசியலையோ எதிர்நோக்குதல் இயல்பு. அவற்றை எழுதுதற்கு எம்மினும் தகுதி வாய்ந்த தோழர் பலர் உளர். இவ்வாண்டும் எழுதியிருப்பர் என்பதில் ஐயமில்லை. யாம் எழுதப் புகுந்ததோ பரோட்டாவைப்பற்றி. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணாக்கர் எடுத்தாளத் தக்க பொருள்தானா இது என்று வினவுவோர்க்கு இக்கட்டுரை முழுமையுமே யாம் கூறும் விடையாகும். சற்றே பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

இது பிறந்த வரலாறு சிறிது உண்டு. சென்ற ஆண்டில் மாணவர் சிலர் கூடித் ‘தமிழர் உணவுக் காட்சி’ ஒன்று நடத்த முற்பட்டனர். கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, குதிரைவாலிச் சோறு, உளுந்தங்களி, பனங்கிழங்கு, கருப்பட்டிப் பணியாரம் எனப் பட்டியல் நீண்டது. பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ச் சிறப்புணவைச் சொல்லலாயினர். திருநெல்வேலியார் அல்வாவையும், கோவில்பட்டியார் கடலை மிட்டாயையும், திருவில்லிபுத்தூரார் பால்கோவாவையும் பெருமிதத்தோடு கூறினர். எம்முறை வந்தபொழுது, “எண்ணெய்ப் பரோட்டா” என்றோம். அவையில் நகை எழுந்தது. காட்சியை முன்னின்று நடத்திய அன்பர், “அது தமிழர் உணவன்று, பெயரும் தமிழன்று, மாவும் தமிழ்நிலத்ததன்று, உடம்புக்கும் கேடு” என்று மூன்று குற்றங்களை அடுக்கி, எம்மூரின் பெயரைப் பட்டியலினின்று அடித்துவிட்டார். அரபுச் சொல்லாகிய அல்வா, அதுவும் கோதுமைப் பாலிற் கிண்டிய அல்வா, அதே பட்டியலில் அசையாது வீற்றிருந்தது.

யாம் அன்று வாய் திறந்தோமில்லை. விடை தோன்றாமை அதற்குக் காரணமன்று, காரணம் வேறொன்று. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

எம்மூர் விருதுநகர், 1923ஆம் ஆண்டுவரை விருதுபட்டி என வழங்கிய ஊர். நீர் பெருகியோடும் ஆறு அதற்கு வாய்க்கவில்லை. கரிசல் மண்ணும் கடுவெயிலுமே இயற்கை அளித்தவை. நிலம் ஈயாததை வாணிகம் ஈந்தது. பருப்பும், மிளகாய் வற்றலும், மல்லியும், எண்ணெயும் மூட்டை மூட்டையாகவும் பீப்பாய் பீப்பாயாகவும் வந்து இறங்கிப் பின் நாற்றிசைக்கும் ஏறிச் செல்லும் சந்தை அது. காற்றுத் திரும்பினால் மிளகாய்க் கிட்டங்கியின் நெடி தெருவெல்லாம் பரவும். வெளியூரார் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முவர். உள்ளூர்ப் பிள்ளைகளோ கோலி விளையாட்டை நிறுத்துவதில்லை. வணிகர் தம் விற்பனையில் ஒரு சிறு பகுதியை ‘மகமை’ எனப் பொதுவுக்கு ஒதுக்கியதும், வீடுதோறும் பிடியரிசி திரட்டிப் பள்ளி நடத்தியதும் அவ்வூரின் பழம்பெருமைகள். காமராசர் 1903இல் பிறந்ததும் பயின்றதும் அங்கேதான்; பின்னாளில் அவர் முதலமைச்சராயிருந்து பள்ளிப் பிள்ளைகட்கு நண்பகல் உணவளித்ததை நாடறியும். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுக என வேண்டி, 1956இல் 76 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனார் நோன்பிருந்ததும் அவ்வூரிலேயே. சோறு கொடுத்துப் புகழ்பெற்றவர் ஒருவர். சோற்றை மறுத்துப் புகழ்பெற்றவர் மற்றொருவர். இவ்விருவர் ஊரார் அந்திதோறும் தேடிச் சென்று உண்பது பரோட்டா.

எண்ணெய் வணிகர் ஊரில் பரோட்டாவும் எண்ணெயில் மிதப்பது பொருத்தமே. பிற ஊர்களிற் கல்லின்மேல் இட்டு, எண்ணெயைச் சிறிது தெளித்துச் சுடுவர். எம்மூரிலோ விளிம்பு உயர்ந்த அகன்ற கல்லில் எண்ணெயைத் தேக்கி, அதனுள் இட்டுப் பொரித்தெடுப்பர். ஆதலின் எம்மூர்ப் பரோட்டா அளவிற் சிறியது. புறத்தே முறுகலும் அகத்தே மென்மையும் உடையது. இதனைப் ‘பொரித்த பரோட்டா’ என்பாரும் உளர்.

பிறர்க்குக் கடையின் முகப்பே தெரியும். யாம் அதன் பின்புறத்தையும் அறிவோம். எம் தந்தையார் அத்தகைய கடையொன்றில் மாவு பிசைந்து பரோட்டா வீசும் தொழிலாளி; ‘மாஸ்டர்’ என்று அழைப்பர். இச்செய்தியை ஈராண்டாக இக்கல்லூரியில் ஒருவரிடத்தும் சொன்னோமில்லை. இப்பொழுது அச்சிலேயே ஏற்றிவிட்டோம். இனி மறைத்தற்கு வழியில்லை.

பள்ளி விட்டதும் புத்தகப் பையோடு கடையின் பின்கட்டுக்குச் செல்வது எம் சிறுபருவ வழக்கம். கவிழ்த்துப் போட்ட எண்ணெய்த் தகரமே எமக்கு இருக்கை. அடுக்கிய மைதா மூட்டையே மேசை. தந்தையார் நண்பகல் கடந்ததும் வேலையைத் தொடங்கியிருப்பார். மாவைக் குவித்து நடுவே குழி செய்து, உப்புக் கரைத்த நீரையும் எண்ணெயையும் விட்டு, இரு கை முட்டியாலும் குத்திக் குத்திப் பிசைவார். பலகை அதிரும், எம் கணக்குப் புத்தகத்தில் எழுத்துக்கள் கோணும். பிசைந்த மாவை ஈரத்துணி போர்த்தி ஊறவிடுவார். பின்னர்ப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவைப் பிதுக்கிக் கிள்ளி உருண்டை பிடிப்பார். ஒருநாள் குறும்பாகப் பத்து உருண்டைகளை அடுத்த பலசரக்குக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். முள் ஒரே இடத்தில் நின்றது. கடைக்காரர் நகைத்து, “உங்கப்பா கையை வச்சுத்தான் என் தராசைச் சரிபார்க்கணும்” என்றார். அன்று எமக்கு உண்டான செருக்கை, பின்னர்த் தேர்வுகளிற் பெற்ற எந்த மதிப்பெண்ணும் உண்டாக்கவில்லை.

எண்ணெயில் ஊறிய உருண்டையை உள்ளங்கையால் தட்டி அகலமாக்கி, விளிம்பைப் பற்றிப் பலகையின்மேல் வீசுவார். ஒரு வீச்சில் முறம்போல் விரியும். மறு வீச்சிற் பலகையின் நிறம் தெரியும் அளவு மெலியும். அதனைக் கொசுவம்போற் சேர்த்துச் சும்மாடுபோற் சுருட்டி வைப்பார். எல்லாம் முடிய, தட்டிப் பொரித்து, எண்ணெய் வடிந்தபின் நான்கைந்தை ஒருங்கே அடுக்கி இரு கையாலும் பக்கங்களில் அடிப்பார். அவ்வடியிலேதான் அடுக்குகள் பிரிந்து மலரும். கொதிக்கும் எண்ணெயினின்று அப்பொழுதே வெளிப்பட்ட பண்டம் அது. அதனை வெறுங்கையால் அடிக்கின்றார் என்பதை அந்நாளில் யாம் எண்ணிப் பார்த்ததில்லை. எமக்குச் சுரம் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் எம் தாயாரே. “அப்பாவுக்குச் சூடு தெரியாது” என்பது எம் வீட்டில் மிக எளிதாகச் சொல்லப்பட்ட ஒரு செய்தி.

உண்ணும் முறையையும் சிறிது சொல்லுதல் வேண்டும். வாழையிலையில் இரண்டு விழும். அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை வாளியினின்று அள்ளி ஊற்றுவர். உடனே உண்பாரும் உளர். அவர்க்கு முறுகல் வேண்டும். துண்டுகள் சால்னாவைக் குடித்துத் தளரும்வரை கைகட்டிக் காத்திருப்பாரும் உளர். யாம் இரண்டாம் சாதியினர். எம்மூரில் யாம் பெருமையுடன் ஒப்புக்கொள்ளும் சாதிப்பிரிவு இது ஒன்றே. சுக்கா வறுவல் முதலியவை எமக்குக் கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில் மட்டும். மற்றைச் சனிக்கிழமைகளில் கடை அடைத்தபின், இரவு 11 மணிக்கு மேல், தந்தையார் கையில் ஒரு பொட்டலம் வரும். செய்தித்தாளும் வாழையிலையும் சூட்டில் ஒன்றித் தரும் மணத்திற்கு, அரைத்தூக்கத்திலும் எழுந்து உட்காருவோம். தந்தையாரோ பரோட்டா உண்பதில்லை. பழைய சோற்றை நீராகாரத்தோடு குடித்துவிட்டுப் படுப்பார். ஞாயிறு காலை முதல் ஆராதனைக்கு வந்து பின்வரிசைத் தூணருகே அமர்வார். பிரசங்கம் தொடங்கியதும் உறங்குவார். போதகர் ஐயா கண்டும் காணாதவர்போல் இருப்பார். அவரும் சனிக்கிழமை வாடிக்கையாளர்தாமே!

இனி, அன்று அன்பர் சாற்றிய குற்றங்களுக்கு வருவோம்.

முதலாவது, பெயர். ‘பரோட்டா’ வடபுலத்துச் சொல். ‘மைதா’ பாரசீகத்தின் வழிவந்தது. ‘சால்னா’ உருதுவின் ‘சாலன்’. மூன்றையும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆயினும், காட்சியிலே தமிழர் உணவுகளைப் பரப்பி வைத்த மேசை என்பது போர்த்துக்கேசியர் சொல்லன்றோ? தமிழர் சமையலிற் கலந்துவிட்ட மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேசியர் கப்பலேறி வந்ததன்றோ? வந்த பொருளுக்குத் தமிழர் தம் மிளகின் பெயரையே ஈந்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டனர். அதனை இன்று அயலார் காய் என்று எவரேனும் தள்ளுவரோ? வகுப்பில் மதுரைக்காஞ்சி ஓதுகின்றோம். மாங்குடி மருதனார் காட்டும் அல்லங்காடியையும், அங்கே அப்பம் விற்ற கூவியரையும் குறித்துத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் பெறுகின்றோம். அந்தக் கூவியர் இன்று எங்கே நிற்கின்றனர் என்று மட்டும் எவரும் வினவுவதில்லை. விளக்கேற்றிய தெருவில், இரவு வணிகத்தில், மாப்பண்டம் ஆக்கி வழிப்போக்கர்க்கு விற்பவரே அவர் எனில், விருதுநகரில் மாலை 6 மணிக்குமேல் எம் அன்பர்க்கு அவரைக் காட்டித் தருதல் எமக்கு எளிது.

பரோட்டா எவ்வினத்தது என்னும் ஆராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதன்று. வரி விதிப்போரையும் அது வருத்தியது. 2020இற் கருநாடகத்து வரித் தீர்ப்பு மன்றம், பொதிந்து விற்கும் பரோட்டா ரொட்டியினத்துள் அடங்காது எனக் கொண்டு, அதற்கு 18 விழுக்காடு வரி உண்டு என்றது. சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் அந்நாளில் 5 விழுக்காடே. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் அவற்றோடு பரோட்டாவையும் சேர்த்து வரியை அறவே நீக்கியது. ஐந்தாண்டு அலைந்து பரோட்டா தன் இனத்தாரோடு கூடிற்று. வரித்துறையே மனமிரங்கியபின் தமிழ் மாணவர் இரங்கலாகாதோ?

இரண்டாவது, மாவு. இதற்கு விடையாக அமெரிக்க நாட்டு ஊர் ஒன்றைக் காட்டுவோம். ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரீனோ என ஒரு சிற்றூர் உண்டு. 1920களிற் கையிற் காசு குறைந்த காலத்தில், அவ்வூர்க் கடைக்காரர் சிறிதளவு இறைச்சியோடு மெல்லியதாக அரிந்த வெங்காயத்தை மிகுதியாகச் சேர்த்துக் கல்லில் அழுத்திச் சுட்டு, ரொட்டியின் நடுவே வைத்து விற்றனர். வறுமை கற்பித்த அவ்வெங்காய பர்கரே நாளடைவில் ஊர்ச் சுவையாயிற்று. பர்கர் என்னும் பெயரோ ஜெர்மானியரின் ஹாம்பர்க் நகரினின்று வந்தது. எல் ரீனோவார் அதனை அயலூர்ப் பண்டம் என்று தள்ளினாரல்லர். ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா எடுத்து, ஊர் கூடி மாபெரும் பர்கர் ஒன்று சுட்டுப் பங்கிட்டு உண்கின்றனர். ஒரு பண்டம் எம்மண்ணிற் பிறந்தது என்பதைவிட, எவர் பசிக்கு எவர் கை அதனை ஆக்கிற்று என்பதே ஊர்ப்பெருமைக்கு அளவு என்று அவ்வூரார் கொண்டனர் போலும்.

மூன்றாவது குற்றத்தை யாம் மறுக்க வரவில்லை. மைதாவில் தவிடும் நாரும் நீங்கிவிடுகின்றன. எம்மூர்ப் பரோட்டாவில் எண்ணெயும் மிகுதி. நாள்தோறும் உண்ணத் தக்கதன்று என்று மருத்துவர் கூறுவது மெய்யே. ஆனால் எம் ஐயம் வேறு. அதே அன்பர் தம் பிறந்தநாளன்று எம்மையும் தோழரையும் கண்ணாடிச் சுவர்க் கடையொன்றுக்கு அழைத்துச் சென்று பர்கர் வாங்கித் தந்தார். நன்றாகவே இருந்தது, நன்றியும் கூறினோம். அவ்வுருண்டை ரொட்டியும் மைதாவே. அங்கே தவிட்டைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒன்றின் விலைக்கு எம்மூரில் ஒருவர் வயிறார உண்டு மீதியும் பெறலாம். மைதா குளிரறையில் இருந்தால் நாகரிகம், தெருவிளக்கின் கீழிருந்தால் நஞ்சு என்னும் மருத்துவ நூல் யாண்டு உளதோ அறியோம்.

ஆகவே சொல்லாது விட்ட நான்காம் குற்றம் ஒன்று உண்டு என்று கருதுகின்றோம். அது கூலியாளர் உணவு என்பதே அக்குற்றம். மூட்டை சுமப்போரும், ஆலைத் தொழிலாளரும், லாரி ஓட்டுநரும் உழைப்பு முடிந்து வந்து தோளோடு தோள் உரச அமரும் பலகை அது. ‘பிராமணாள்’ என்னும் சொல்லை உணவுக்கடைப் பலகையினின்று நீக்குக என்று 1957இற் சென்னையிற் கிளர்ச்சி நடந்ததைப் படித்திருக்கின்றோம். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த கொடுமை அதற்குப் பின்னும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் நீடித்தது. எல்லா ஊர்களிலும் எல்லாப் பரோட்டாக் கடைகளும் குற்றமற்றவை என்று சொல்லத் துணியோம். எனினும், எண்ணெய்த் தகரத்தின்மேல் இருந்துகொண்டு யாம் கண்டவரையில், இலைபோடும் முன் எவரையும் எவரென்று ஒருவரும் கேட்டதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு கண்ட தரிசனத்தின் பொருள், எமக்கு ஞாயிறு பள்ளியில் விளங்கியதைவிட அப்பலகையருகே நன்றாக விளங்கிற்று.

விளங்கி என்ன பயன்? விடுதிக்கு வந்த முதல் வாரத்தில், “தந்தையார் என்ன செய்கின்றார்?” என்று அறைத்தோழர் கேட்டபோது, “ஓட்டல் வைத்திருக்கிறார்” என்றோம். அது முதல் மறுப்பு. அவ்வாண்டே ஆடி மாதத்தில் தந்தையார் ஒரு நாட்கூலியை இழந்து, பேருந்தேறி, எமக்கென்று பொட்டலம் கட்டிக்கொண்டு விடுதி வாயிலில் வந்து நின்றார். முழங்கைவரை எண்ணெய் தெறித்த வடுக்கள். உடன் வந்தவர், “யார் அவர்?” என்றார். “ஊர்க்காரர்” என்றோம். தந்தையார் செவியில் அது விழுந்ததோ, இல்லையோ, இன்றுவரை யாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொட்டலத்தைக் கொடுத்து, “ஆறிப்போச்சு, சால்னாவை மட்டும் சுடவச்சுக்கோ” என்று கூறிவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினார். உணவுக் காட்சி அவையில் வாய்மூடி நின்றது மூன்றாவது. பேதுருவுக்குச் சேவல் கூவிற்று; எமக்கு விடுதியின் உணவு மணிதான் அடித்தது. ‘இவர் தச்சன் மகனன்றோ’ என நாசரேத்தூரார் இகழ்ந்த பகுதியைச் சிறுவயதில் ஒப்புவித்துப் பரிசு பெற்றவர் யாம் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகின்றோம்.

இக்காலத்தில் ஊர்ச் சுவைகளைப் பாராட்டி எழுதுவோரும் படம்பிடிப்போரும் மிகப் பலர். எம்மூர்க்கும் வருகின்றனர். எண்ணெய் கொதிப்பதைப் படமெடுக்கின்றனர், சால்னாவைப் புகழ்கின்றனர், கடையின் பெயர் உலகெங்கும் பரவுகின்றது. கல்லின் முன் நிற்பவரின் கை மட்டும் படத்தில் விழுகின்றது, முகம் விழுவதில்லை. அக்கைக்கு உரியவர் எட்டு மணிநேரம் நெருப்பின் முன் நிற்கின்றார். தோள்மூட்டும் மணிக்கட்டும் நாற்பது வயதிற்குள் தேய்கின்றன. வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை. 2020 மார்ச்சில் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது எம் தந்தையார் நின்ற கல்லும் குளிர்ந்தது. வாரக்கணக்கில் வீட்டிலிருந்த அவர் என்ன செய்வதென்று அறியாது, மாலையானால் சும்மா எழுந்து நின்றுகொண்டிருப்பார். நிற்பதே பழகிவிட்டது! அந்நாளில் ஊர்ச்சுவை பாராட்டுவோர் ஒருவரும் எம் தெருவுக்கு வரவில்லை.

எம் கருத்தைத் தவறாகக் கொள்ளற்க. பழைய தொழில் அழிகின்றதே என்று புலம்புவது எம் நோக்கமன்று. சிறுவயதில் ஆசைப்பட்டு ஒருமுறை மாவிற் கைவைத்தோம். தந்தையார் மணிக்கட்டில் ஓர் அடி வைத்து, “இது உனக்கு வேண்டாம், போய்ப் படி” என்றார். படித்தோம். இத்தொழிலுக்கு வரும் இளைஞர் குறைந்துவருவது அத்தகைய பல அடிகளின் விளைவே. அதில் தவறு காணோம். மதுரையிற் பரோட்டா வீசக் கற்பிக்கும் பயிற்சிக்கூடம் ஒன்று தோன்றியதைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின; எமக்கும் அது மகிழ்ச்சியே. மாவு பிசையும் பொறி வந்து மணிக்கட்டைக் காக்குமாயின் அதனையும் வரவேற்போம். பொறி பிசைந்தால் பழைய சுவை இராது என்று வருந்துவோர், ஒரு மூட்டை மைதாவைத் தம் கையாற் பிசைந்த மறுநாள் வந்து எம்மோடு வாதிடுக.

யாம் வேண்டுவது சிறிதே. இனியொருமுறை இத்தகைய காட்சி நடக்குமாயின், உணவை மட்டும் தட்டில் வைத்து ஊர்ப்பெயரை எழுதி ஒட்டுதல் போதாது. அல்வாக் கிண்டுபவரையும், கடலை மிட்டாய்ப் பாகு பதம் பார்ப்பவரையும், பரோட்டா வீசுபவரையும் அழைத்தல் வேண்டும். சொற்பொழிவாளரை மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துகின்றோம்; பயணச் செலவும் தருகின்றோம். அன்னாரையும் அங்ஙனமே அமர்த்தி, இழந்த நாட்கூலிக்குக் குறையாது கொடுத்தல் வேண்டும். பெயர் எழுத அவர் விரும்பினால் அவர் பெயரையே எழுதுதல் வேண்டும். மன்றத்தார் இதற்கு இசைவராயின், எம்மூரிலிருந்து வருபவரை அழைத்துவரும் பொறுப்பை யாம் ஏற்போம். பேருந்து நிலையத்தில் நின்று, எவர் கேட்பினும் அவர் எமக்கு என்ன முறை என்று சொல்லியே அழைத்து வருவோம்.

இக்கட்டுரையின் முதற்படியைக் கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் வீட்டில் உரக்கப் படித்தோம். விடுதி வாயிலில் நடந்த பகுதியை மட்டும் படிக்காது தாண்ட எண்ணினோம். பின்னர் அதனையும் படித்தோம். தாயார் எழுந்து அடுக்களைக்குச் சென்றார். தந்தையார் சிறிதுநேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்து, “முதலாளி பேரு போட்டிருக்கியா?” என்றார். இல்லை என்றோம். “என் பேரு?” போடட்டுமா என்று கேட்டோம். “வேண்டாம் தம்பி. ஆனா மாவு எவ்வளவு நேரம் ஊறணும்னு எழுதாம விட்டுட்டியே. ரெண்டு மணி நேரம்னு போடு. வெயில் காலத்துல ஒன்றரை போதும். தெரிஞ்சவங்க படிச்சா சிரிப்பாங்க” என்றார்.

ஊறுதற்கு இரண்டு மணி நேரம். வெயிற் காலத்தில் ஒன்றரை.